அக்காவுக்கென்று கேட்டு வாங்கிய கதீட்டர்

என்ன வேலை செய்கிறாய் என்று கேட்பவர்களிடம் சரியான பதில் சொல்லி நான் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. கேத் லேப் டெக்னீஷியன் என்றால் ரத்தம் எடுப்பாயா என்பார்கள். இல்லை, இதயத்துக்குள் குழாய் விடும் இடத்தில் வேலை என்றால் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்கள். விழுப்புரத்தில் எங்கள் தெருவில் எனக்கு ஈசிஜி எடுக்கிற பொண்ணு என்று பெயர் நிலைத்துவிட்டது. திருத்துவதை விட்டு வருஷக்கணக்காகிறது.

நான் வேலை பார்க்கும் மருத்துவமனை விழுப்புரத்திலிருந்து வளவனூர் தாண்டிப் பஸ்ஸில் போகிற தூரம். அங்கே இதயத் துடிப்புக் கோளாறுக்குச் சூடு வைத்து வைத்தியம் செய்கிறார்கள். தொடையில் ரத்தக்குழாய் வழியாகக் கதீட்டர் என்னும் மெல்லிய குழாயை நுழைத்து, இதயத்துக்குள் கொண்டுபோய், கோளாறு பிறக்கும் இடத்தில் அதன் நுனியை வைத்து ரேடியோ அலையைச் செலுத்துவார்கள். நுனி பட்ட இடம் வெந்து வடுவாகும். வடுவுக்குள் மின்சாரம் ஓடாது என்பதால் கோளாறும் அதோடு அடங்கும். அப்லேஷன் என்று பெயர். கதீட்டரைப் பிடிப்பவர் டாக்டர். சூட்டைத் தொடங்குவதும் நிறுத்துவதும் அவர் காலடியில் இருக்கும் பெடல். பக்கத்துத் திரைகளைப் பார்த்து, வெப்பம் இவ்வளவு, பவர் இவ்வளவு, துடிப்பு இப்படி என்று உரக்கச் சொல்லிக்கொண்டே இருப்பது என் வேலை. டாக்டரின் கண் கதீட்டர் மேல் இருக்கும்போது மற்றதையெல்லாம் அவர் என் வாய் வழியாகத்தான் பார்க்கிறார்.

எனக்குக் கதீட்டர்கள் மேல் ஒரு கிறுக்கு உண்டு. கம்பெனிக்காரர்கள் காட்டுவதற்கென்று கொடுத்துவிட்டுப் போகும் மாதிரிகளை ஒரு டிராயரில் சேர்த்து வைத்திருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வளைத்துப் பார்ப்பேன். ஒன்று கைப்பிடியைத் திருப்பினால் யோசித்துவிட்டுத் திரும்பும், இன்னொன்று நினைத்த மாத்திரத்தில் திரும்பும். புடவைக் கடையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கிறது என்று உடன் வேலை பார்க்கும் பெண் கேலி செய்வாள். நான் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

இருப்பதிலேயே எளியது சாதாரணக் கதீட்டர். நுனியில் நாலு மில்லிமீட்டர் உலோகம், அவ்வளவுதான். தசை சூடாகும்போது அதுவும் சேர்ந்து சூடாகும். அளவு மீறினால் இயந்திரம் தானாகவே பவரைக் குறைத்துவிடும். பயந்த சுபாவம், ஆனால் மனசில் இருப்பதை மறைக்கத் தெரியாது. அதையே இரண்டு மடங்கு பெரிய நுனியோடு செய்த ஒன்று உண்டு, அகலமாகச் சுடவேண்டிய இடத்துக்கு. மூன்றாவது, நுனியில் பொடித் துளைகள் போட்டது. சுடும்போதே அந்தத் துளைகள் வழியாக உப்புத் தண்ணீர் வழிந்து நுனியைக் குளிர்விக்கும். நுனி குளிர்ந்திருப்பதால் ரத்தம் அதில் ஒட்டிக் கருகாது, சூடு ஆழமாக இறங்கும். கடைசியாக வந்தது, துளைகளோடு உள்ளே ஒரு நுண்ணிய ஸ்பிரிங்கும் வைத்தது. இதயச் சுவரை எத்தனை கிராம் அழுத்துகிறோம் என்பதைத் திரையில் காட்டும். அதை முதன்முதலில் பார்த்தபோது கைக்கு ஒரு கண் முளைத்துவிட்டது என்று நினைத்தேன். சாதாரணம் அதன் பக்கத்தில் ஏழையாகத் தெரிந்தது.

ஆனால் துளையுள்ளதில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. திரையில் வருகிற வெப்பம் நுனியின் வெப்பம். நுனியோ தண்ணீரில் நனைந்துகொண்டிருக்கிறது. உள்ளே தசை வெந்துகொண்டிருக்கும்போது திரையில் எண் சாதுவாக நிற்கும். அந்த எண்ணை நம்பாதே, துடிப்பைப் பார் என்று வேலை கற்றுக்கொள்ள வந்த ஒவ்வொருவருக்கும் நான் சொல்லியிருக்கிறேன். எத்தனை பேருக்குச் சொன்னேன் என்று கணக்கில்லை.

அக்கா திண்டிவனத்தில் தையல் கடை வைத்திருக்கிறாள். என்னைவிட நாலு வயது மூத்தவள். மாமாவுக்குக் கிளியனூர்ப் பக்கம் நிலம், பாதி நாள் அங்கேதான் இருப்பார். அக்காவுக்கு இரண்டாவது பிரசவத்துக்குப் பிறகு படபடப்பு ஆரம்பித்தது. உட்கார்ந்திருக்கும்போதே இதயம் தறிகெட்டு ஓடும், அரை மணி நேரம் ஓடிவிட்டுச் சட்டென்று நிற்கும். வாயு என்றார்கள். கண் பட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பங்குக் கோவிலில் பூசைக்கு நேர்ந்துகொண்டார்கள். இதயத்துக்குள் குழாய் விடும் இடத்தில் வேலை பார்க்கிற தங்கையிடம் மட்டும் மூன்று வருஷம் யாரும் சொல்லவில்லை. பிறகு தெரிந்து கேட்டதற்கு, உனக்கு ஏன் வீண் கவலை என்றாள். அன்றைக்கு நான் போட்ட சண்டையில் மாமா எழுந்து வெளியே போய்விட்டார்.

ஒருநாள் மாதா கோவில் வாசலில் படபடப்பு வந்து மயங்கி விழுந்தாள். அழைத்துக்கொண்டு போய் ஈசிஜி எடுத்தோம். ஐந்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது. இதயத்தின் நடுவில் மேலறையிலிருந்து கீழறைக்குத் துடிப்பைக் கொண்டுபோகும் வழி எல்லோருக்கும் ஒன்று. அக்காவுக்கு இரண்டு. துடிப்பு ஒன்றில் இறங்கி இன்னொன்றில் ஏறி, சுற்றிச் சுற்றி ஓடியது. வேண்டாத வழியைச் சுட்டுவிட்டால் தீர்ந்தது. நாங்கள் வாரத்துக்கு வாரம் செய்கிற கேஸ். ஆனால் நல்ல வழி பக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு அரிசி நீளத்தில். அது வெந்துபோனால் மேலறை எத்தனை கூப்பிட்டாலும் கீழறைக்குக் கேட்காது. இதயம் நிற்கும், இல்லையென்றால் ஆயுள் முழுக்க பேஸ்மேக்கர் வைத்து ஓட்ட வேண்டும்.

டாக்டர் சாதாரணக் கதீட்டர் போதும் என்றார். இந்தக் கோளாறுக்கு எல்லோருக்கும் அதைத்தான் போடுவோம். அத்தனை பேரும் மறுநாள் நடந்து வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். எனக்குத் தெரியாதா. ஆனால் எங்கள் ஊரில் ஒரு பழக்கம் இருக்கிறது. அலுவலகமோ ஆஸ்பத்திரியோ, உள்ளே நம் ஆள் ஒருவர் இருந்துவிட்டால் எல்லோருக்கும் கொடுப்பதை நமக்கும் வாங்கிக்கொள்வது அவமானம். பந்தியில் உறவுக்காரன் கரண்டியோடு வந்தால் இலையில் ஒரு வடை கூடுதலாக விழ வேண்டும். பதினாறு வருஷம் அங்கே உழைத்துவிட்டு, கூடப்பிறந்தவளுக்கு ஏழைக் கதீட்டரா என்று எனக்குப் பட்டது. ஸ்பிரிங் வைத்த புதியது ஒன்று, டாக்டர் உபயோகித்துப் பார்க்கட்டும் என்று கம்பெனி கொடுத்தது, அலமாரியில் பிரிக்காமல் இருந்தது.

அதைப் போடுங்கள் என்று கேட்டேன். இதுக்கு எதுக்கும்மா அது என்றார். எங்க அக்கா சார் என்றேன். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகு அவரும் நம் ஊர்க்காரர்தானே, மறுக்க முடியவில்லை. பவரைக் குறைத்து வைத்துச் செய்யலாம் என்று அரை மனதாகச் சொன்னார். நான் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சன்னல் ஓரம் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே வந்தேன்.

அக்காவுக்கு விளக்க வேண்டுமே. அவளுக்குப் புரிகிற பாஷையில் இஸ்திரிப் பெட்டியை வைத்துச் சொன்னேன். சாதாரணம் என்றால் காய்ந்த துணிமேல் பெட்டியை வைக்கிற மாதிரி, கொஞ்சம் அசந்தால் கருகிவிடும். உனக்குப் போடப்போவது தண்ணீர் தெளித்துத் தேய்க்கிற மாதிரி, கருகவே கருகாது என்றேன். அக்கா கையிலிருந்த ரவிக்கைத் துணியை மடித்தபடி யோசித்தாள்.

"தண்ணி தெளிச்சா மேல கருகாதுடீ. ஆனா சூடு அடி மடிப்பு வரைக்கும் போவுமே" என்றாள்.

எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள் சொன்னாள். எனக்கு எரிச்சலாக வந்தது. உனக்கு எதிலும் ஒரு குறை கண்டுபிடிக்கணும் என்றேன். அவள் சிரித்துவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டாள்.

அப்லேஷன் அன்று காலை டாக்டர் என்னை வெளியே உட்காரச் சொன்னார். சொந்தக்காரர்கள் உள்ளே இருப்பது சரிப்படாது என்றார். அதையும் நான் கேட்கவில்லை. எண்களை நான்தான் சொல்வேன் என்று அடம்பிடித்து, எக்ஸ்ரே கதிர் படாமலிருக்க உள்ளே போடும் ஈயக் கவசத்தை மாட்டிக்கொண்டேன். அக்காவுக்கு மயக்க மருந்து தொடையில் மட்டும். பச்சைத் துணிக்கு அடியில் முழித்துக்கொண்டுதான் இருந்தாள், உதடு ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தது.

கதீட்டர் இடத்தைப் பிடித்தது. ஆன் என்றார் டாக்டர். நான் சொல்லத் தொடங்கினேன். வெப்பம் முப்பத்தேழு. அழுத்தம் பத்து கிராம். வெப்பம் முப்பத்தெட்டு. பன்னிரண்டு கிராம். அந்த எண்கள் அழகாக இருந்தன. இதுவரை என் கண்முன் இவ்வளவு அமைதியான எண்கள் வந்ததில்லை. முப்பத்தெட்டிலேயே நிற்கிறது, அக்காவுக்கு ஒன்றும் ஆகாது என்று எனக்குள் யாரோ தாலாட்டுவது போல இருந்தது. எண்ணை நம்பாதே என்று ஊருக்கெல்லாம் சொன்னவள் எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றேன். அடுத்த திரையில் துடிப்புகள் நெருங்கி நெருங்கி வர ஆரம்பித்திருந்தன. நல்ல வழி வேகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். பார்த்த நொடியில் ஆஃப் என்று கத்த வேண்டும். நான் கத்தவில்லை. டாக்டர் தானாகவே நிமிர்ந்து பார்த்துப் பெடலிலிருந்து காலை எடுத்தார்.

எத்தனை விநாடி தாமதம் என்று பதிவை மறுபடி ஓட்டிப் பார்த்தால் தெரியும். இன்றுவரை நான் பார்க்கவில்லை.

மேலறையின் சின்னத் துடிப்புகள் திரையில் ஒழுங்காக வந்துகொண்டிருந்தன. அவற்றுக்குக் கீழே வரவேண்டிய பெரிய துடிப்பு வரவில்லை. கோடு நேராகப் போனது. டாக்டர் பேஸ் என்றார். கீழறையில் முன்பே வைத்திருந்த இன்னொரு குழாய் வழியாக நான் பொத்தானை அழுத்தி வெளியிலிருந்து துடிப்பைக் கொடுத்தேன். கை தன் பாட்டுக்கு அழுத்தியது.

துணிக்கு அடியிலிருந்து, "முடிஞ்சிடிச்சாடீ?" என்றாள் அக்கா.

"முடிஞ்சிடிச்சிக்கா" என்றேன்.

இருபது நிமிஷம் கழித்து வழி மெல்ல உயிர் பெற்றது. மேலறை கூப்பிட்டால் கீழறை பதில் சொன்னது, முன்பைவிடத் தாமதமாக. டாக்டர் மாமாவிடம் சின்னத் தடங்கல் வந்து சரியாகிவிட்டது, சில மாதம் கவனமாகப் பார்க்க வேண்டும், தலைசுற்றல் வந்தால் உடனே வாருங்கள் என்று சொன்னார். அதில் பொய் ஒன்றும் இல்லை. என்னை அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கை கழுவிக்கொண்டு என்னைத் தாண்டிப் போனார். திட்டியிருந்தால் நான் கொஞ்சம் மூச்சு விட்டிருப்பேன்.

நாலு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள். ஒரு நாள் முழுக்க ஓடிய துடிப்புப் பதிவிலும் குறை தெரியவில்லை. படபடப்பு அடியோடு நின்றுவிட்டது. அக்கா திண்டிவனம் போய் எனக்கு விளம்பரம் செய்ய ஆரம்பித்தாள். மற்றவர்களுக்குப் போடுகிற சாதாரணம் இல்லை, என் தங்கச்சி டாக்டரிடம் சண்டை போட்டு எனக்கென்று தனியாக வாங்கியது என்று கடைக்கு வருகிற ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். நான் அங்கே போகிற நாளில் பூசை முடிந்து வெளியே வந்தால் யாராவது ஒரு பெண் என் கையைப் பிடித்து, எங்க வீட்டுக்காரருக்கும் அந்தத் தண்ணி வுடற மாதிரியே பாத்து செய்மா என்பாள். அக்கா பக்கத்தில் நின்று பெருமையோடு பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருக்கும்.

தினமும் காலையில் பஸ் ஏறியதும் அவளுக்குப் போன் செய்வேன். தலை சுற்றியதா, கண் இருட்டியதா, படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா. ஒரு நாள் அவள் எடுக்கத் தாமதமானால் வளவனூர் வருவதற்குள் பத்து தடவை அடித்துவிடுவேன். குளிச்சிக்கினு இருந்தேன்டீ, ஏன் இப்படி பேஜாரு பண்ற என்று கத்துவாள். ஞாயிற்றுக்கிழமை திண்டிவனம் போனால் வளையல் பார்க்கிற சாக்கில் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பேன். ஒழுங்காகவே இருக்கும். ஒழுங்காக இருப்பது எனக்கு ஆறுதலாக இல்லை. வெந்த தசை ஆறும்போது சுருங்கும், வடு இறுகும், பல வாரம் கழித்தும் வழி அடைத்துக்கொள்ளலாம் என்பதை நான் படித்திருக்கிறேன். படித்ததை மறக்க வழி தெரியவில்லை.

போன மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். கடையில் நானும் அக்காவும் மட்டும் இருந்தோம். பண்டிகைக்கு வந்த ரவிக்கைகள் குவிந்து கிடந்தன. மோட்டார் மெஷினில் தைத்துக்கொண்டே பேசிக்கொண்டிருந்தாள். படபடப்பு என்றால் என்ன என்றே மறந்துபோச்சு என்றாள். பிறகு, பெரிய சமாச்சாரம் ஒன்றும் இல்லை என்பது போல, நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"சில நேரம் தைச்சிக்கினே இருக்கும்போது உள்ள எல்லாம் அமைதியாயிடுதுடீ. ஒரு சத்தமும் இல்ல. எங்க இருக்கேன்னுகூட தெரியல. அப்பறம் அதுவா வந்துடுது. அவ்ளோ நிம்மதி."

எத்தனை தடவை என்று கேட்டேன். இந்த வாரத்தில் நாலைந்து இருக்கும், ஜெபம் செய்வதால் வருகிற அமைதி என்று நினைத்தேன் என்றாள். நான் அவள் தைத்து வைத்திருந்த ரவிக்கைகளை எடுத்துத் திருப்பிப் பார்த்தேன். இருபது வருஷமாகக் கோடு பிசகாமல் தைக்கிறவள். ஒரு ரவிக்கையில் தையல் பக்கவாட்டில் நேராக வந்து, ஒரு விரல் நீளத்துக்குத் துணியில் எங்கேயோ விலகிப் போய், மறுபடி கோட்டுக்கு வந்திருந்தது. இன்னொன்றிலும் அப்படியே. நான் குனிந்து மெஷினின் பிளக்கைப் பிடுங்கினேன்.

அவசரமாகக் கார் ஒன்று பிடித்தோம். கூட்டேரிப்பட்டு வரைக்கும் அவள் நாடியைப் பிடித்து எண்ணிக்கொண்டே வந்தேன். பிறகு சொல்லிவிட்டேன். டாக்டர் சாதாரணமே போதும் என்று சொன்னது, நான் கேட்காமல் பிடுங்கிக் கொடுத்தது, உள்ளே நிற்கக் கூடாது என்றும் கேட்காமல் நின்றது, துடிப்பைப் பார்க்காமல் எண்ணைப் பார்த்தது, எல்லாவற்றையும். அழுதுகொண்டே சொன்னதால் பாதி அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. விக்கிரவாண்டி சுங்கச்சாவடியில் வண்டி நின்றபோது என் விரலுக்கடியில் நாடியும் நின்றது. அக்காவின் தலை என் தோளில் சாய்ந்தது. நான் அவள் நெஞ்சில் குத்தக் கையை ஓங்கும்போது ஒரு துடிப்பு வந்தது, அப்புறம் அடுத்தது. கண்ணைத் திறந்து, அதுக்குள்ள வந்துட்டமா என்று கேட்டாள்.

ஞாயிறாக இருந்தும் டாக்டர் வந்துவிட்டார். பதிவைப் பார்த்தார், கழுத்து வழியாகத் தற்காலிகமாக ஒரு ஒயர் வைத்தார், நாளைக் காலை பேஸ்மேக்கர் வைத்துவிடலாம் என்றார். மாமா கிளியனூரிலிருந்து வந்துகொண்டிருந்தார். அதில் இரண்டு மூன்று வகை இருக்கிறது என்று டாக்டர் அக்காவுக்கு விளக்கத் தொடங்கினார். ஒரு ஒயர் உள்ளது, இரண்டு ஒயர் உள்ளது, ஒயரே இல்லாமல் இதயத்துக்குள்ளேயே வைக்கிறது. அக்கா அவரைப் பாதியில் நிறுத்தினாள். தலையணையில் படுத்தபடி கண்ணாலேயே என்னைத் தேடினாள்.

"எனக்கு என்னா சார் தெரியும். என் தங்கச்சி எது சொல்றாளோ அதையே போடுங்க" என்றாள்.

காரில் நான் சொன்னது எதுவும் அவள் காதில் விழவில்லையா, விழுந்தும் இப்படிச் சொல்கிறாளா என்று எனக்கு விளங்கவில்லை. டாக்டர் என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பிறகு அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான்.

"எல்லாருக்கும் என்ன போடுவீங்களோ அதையே போடுங்க சார்" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். அக்காவின் முகம் விழுந்துவிட்டது. கழுத்தில் ஒயரோடு அவளால் திரும்ப முடியவில்லை. மேலே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்ப நானும் உனக்கு எல்லாரையும் மாதிரிதானாடீ?"

"ஆமாக்கா" என்றேன்.